வீடு மாறாத வாழ்வு

அல்சூர் ஏரியை அடுத்த ஜோகுபாளையத்தில் 1940இல் பிறந்து, அங்கேயே முதுமையுற்ற ஒரு தமிழ்ப் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். பெயர் வேண்டா; அவரை ஒத்தோர் அங்குப் பலர்.

அவர் பிறந்தபோது கண்டோன்மென்ட் பிரிட்டிஷார் ஆளுகையில் இருந்தது. அவரது ஏழாம் வயதில், 1947 ஜூலையில், அது மைசூர் அரசிடம் திரும்பியது; 1949இல் பெங்களூர் மாநகராட்சியில் இணைந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தன. 1973இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆயிற்று. அவர் தெருவைக்கூட மாற்றவில்லை. தமிழ் பரவலாக வழங்கிய கண்டோன்மென்டில் பிறந்தவர், இருந்த இடத்திலிருந்தே மொழிச் சிறுபான்மையினர் ஆனார்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டது. அவ்வாண்டில் திறக்கப்படவிருந்த அல்சூர் திருவள்ளுவர் சிலை, 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் இவ்விரு நிகழ்வுகளையும் குறிக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் கடையில் கன்னடத்தில் விலை கேட்டு, வீட்டில் தமிழில் கணக்குப் பார்த்தவரை அவை குறிப்பதில்லை. குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் அவர் பெயர் உண்டு. அவர் சொல் இல்லை.

ஆண்டுகளை நூலகத்தில் பின்னரும் தேடிக்கொள்ளலாம். சொல்லை அவரிடமே கேட்க வேண்டும். அத்தலைமுறைக்கு வயது 85ஐ எட்டிவிட்டது.