விரலில் வைத்த மை

ஷார்ஜாவில் குடியரசு தினத்தன்று கொடியேற்றி லட்டு கொடுப்பார்கள், நானும் போவேன். ஆனால் நாட்டை நினைத்து மனசு அடித்துக்கொள்வது அன்றைக்கல்ல. ஊரில் வாக்குப்பதிவு நாளன்று, சொந்தக்காரர்கள் மை வைத்த விரலை வாட்ஸ்அப்பில் வரிசையாக அனுப்பும்போதுதான்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் தொடக்கப் பள்ளிதான் வாக்குச்சாவடி. அப்பத்தா நல்ல சேலையாக எடுத்துக் கட்டி, பூத் சிலிப்பைச் சுருக்குப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பும். கட்சிக்காரர்கள் ஆட்டோவோடு வந்தால் ஏறிக்கொள்ளும். “ஏறிட்டேன்னு ஒனக்குத்தான் போடுவேன்னு நெனச்சுக்கிறாதய்யா” என்று கறாராகச் சொல்லியும்விடும்.

ஊருக்கு அது இன்னார் பெண்சாதி, இன்னார் ஆத்தா. அதன் சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. வாக்குச்சாவடியில் மட்டும் ஓர் அலுவலர் வரிசை எண்ணோடு அந்தப் பெயரை உரக்கப் படிப்பார். ஏஜெண்டுகள் பட்டியலில் தேடி டிக் அடிப்பார்கள். பதிவேட்டில் கைநாட்டு, இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்த்து ஒரு கோடு.

அந்த மை மைசூரில் கர்நாடக அரசு ஆலையில் தயாராவது. 1962 பொதுத்தேர்தலிலிருந்து இருக்கிறது. அதிலுள்ள சில்வர் நைட்ரேட் வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது; நகம் வளர்ந்துதான் கழிய வேண்டும். அப்பத்தா தேய்த்துப் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்ட வேண்டாமா?

வெள்ளைக்காரன் காலத்தில் பெரும்பாலும் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்கே ஓட்டு. சுதந்திர இந்தியா 1951-52இல் நடத்திய முதல் பொதுத்தேர்தலிலேயே சுமார் 17 கோடிப் பேரை வாக்காளராக்கியது. பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்காகத்தான் சின்னங்கள் வந்தன. நிலமும் எழுத்தும் இல்லாத அப்பத்தாவை, பண்ணைக்காரருக்குச் சமமாக ஓர் ஆளென்று எண்ணிய நாடு இது. சாலைக்கும் குழாய்த் தண்ணீருக்கும் நான் திட்டித் தீர்த்த அதே நாடுதான்.

இங்கே சம்பளம் ஒழுங்காக வருகிறது, குறையில்லை. ஆனால் விசா முடிந்தால் பெட்டி கட்ட வேண்டிய ஆள் நான். வெளிநாட்டில் வேலை செய்பவர்களும் பட்டியலில் பெயர் சேர்க்கலாமென்று 2010இல் சட்டம் திருத்தினார்கள். ஓட்டுப் போட மட்டும் நேரில் வர வேண்டும். அடுத்த தேர்தலுக்குப் போய்விடுவதென்று இருக்கிறேன். லீவுக் கடிதத்தில் மட்டும் அக்கா மகன் கல்யாணம் என்று எழுத வேண்டும். ஓட்டுப் போட என்று எழுதினால் மேனேஜர் நம்ப மாட்டார்.