பத்து நாள் ஊழியம்

"எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டாங்க பிரதர்?"

நேபாளத்திலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபைப் பெரியவர் ஒருவர் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2017 மே மாதம். பெரம்பூரிலிருந்து எங்கள் வாலிபர் குழுவில் 12 பேர் கிளம்பினோம். ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி எல்லை, அதற்கப்புறம் மலைப்பாதையில் பஸ். ஆளுக்கு 18,000 ரூபாய் செலவு. அதில் பாதிக்கு மேல் சபையார் கொடுத்த காணிக்கை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேபாளத்தில் கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்திருந்தார்கள். மிக மோசமாக அடிவாங்கிய சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஒரு கிராமத்துச் சபை, வயதானவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கைகொடுக்கப் போனோம்.

"கைப்பிரதி ஒண்ணும் எடுத்து வெக்காதீங்க, அங்க சட்டம் வேற" என்று குழுத் தலைவர் அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். 2015-இல் வந்த நேபாள அரசியல் சட்டம், ஒருவரை வேறு மதத்துக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. "நம்ம உழைப்புதான் சாட்சி" என்றார்.

அந்த உழைப்பின் லட்சணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. ஊர்ப் பெண்கள் டோக்கோ என்கிற மூங்கில் கூடையை முதுகில் ஏற்றி, அதன் பட்டையை நெற்றியில் மாட்டி, கூடை நிறையக் கல்லோடு மேடேறிப் போனார்கள். நான் நாலு கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். மூன்றாம் நாள் கொத்தனார் எங்களைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டார். கோபப்படாமல், மரியாதையாகத்தான். சனிக்கிழமை ஆராதனை, அங்கே வார விடுமுறை அன்றுதான். "ஜய் மசி" என்று கைகூப்பி, தரையில் இடம் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். குழந்தைகளோடு எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் போட்டேன். ஊரிலிருந்து 'ஆமென்' வந்துகொண்டே இருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் குடத்தோடு நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து தமிழ் கேட்டது.

"தம்பி, எந்த ஊரு?"

நெற்றியில் டிகாவோடு ஒரு தாத்தா, தகரக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். சென்னை என்றேன்.

"மெட்ராஸ்! மாம்பலம் தெரியுமா? இருவத்திரண்டு வருஷம். ராத்திரி பூரா நடந்தேன்." உதட்டில் இரண்டு விரலை வைத்து விசில் அடித்துக் காட்டினார். பிறகு குரலை மாற்றி, "அம்மா, கூர்க்கா வந்திருக்கேன்மா" என்றார். அதே ராகம். ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் எங்கள் வீட்டு வாசலில் கேட்ட குரல்.

எங்கள் தெருக் கூர்க்காவுக்கும் ஒரு ஊர் இருந்திருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

மறுநாள் 12 பேரையும் டீக்குக் கூப்பிட்டார். வீட்டில் இருந்தது நாலு கிளாஸ். பேத்தியை அக்கம்பக்கத்துக்கு அனுப்பி மீதியை வாங்கி வரச் சொல்லி, கழுவித் துடைத்து, எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுத்தார். மகன் கத்தாரில் இருக்கிறானாம். வீடு கட்ட அரசு அப்போது 3 லட்சம் தந்துகொண்டிருந்தது, ஆனால் தவணையாக. முதலில் வந்த 50,000 அஸ்திவாரத்தோடு சரி. "உங்க வீட்டெல்லாம் பாத்துக்கிட்டேன். என் வீட்ட பாக்க ஆள் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். குறையாகச் சொன்னதுபோல் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 12 பேருக்கு 2,16,000 ரூபாய். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160. ஆக 3,45,600 நேபாள ரூபாய். அந்தத் தாத்தா காத்துக்கொண்டிருந்த 3 லட்சத்தைவிட அதிகம். ஒரு வீட்டுக்கான பணத்தைச் செலவழித்து வந்துதான் நாங்கள் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தோம்.

போயிருக்கக் கூடாது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பணத்தை மட்டும் அனுப்பியிருந்தால் ஒரு வீடு எழும்பியிருக்கும். நான் அந்த டீயைக் குடித்திருக்க மாட்டேன். என் மனசு திறக்க ஒருத்தர் வீட்டுக் கூரைதான் விலை என்றால், அதை யார் கொடுத்தது?

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"நம்ம தெருக் கூர்க்கா பேர் என்னம்மா?"

"கூர்க்கான்னுதான் கூப்பிடுவோம். ஏன்டா?"

"மழை நாள்ல டீ குடுப்போமே..."

"ஆமா. ஜன்னல் ஓரமா வெளியே ஒரு டம்ளர் தனியா கிடக்கும். அதுலதான் குடுப்போம்."

சொல்லிவிட்டு அம்மா நிறுத்திக்கொண்டார். என்னாலும் எதுவும் பேச முடியவில்லை. நெளிந்துபோன அலுமினிய டம்ளர் அது. உள்ளே இருந்த எங்கள் டம்ளர்களோடு அது ஒருநாளும் சேர்ந்ததில்லை. மழையில் நனைந்து நின்றவருக்கு அதில் டீ ஊற்றி எடுத்துப்போய்க் கொடுத்தது நான்தான். கையில் கை படாமல், திண்ணையில் வைத்துவிட்டு வருவேன்.