சொட்டு நிற்கும் இடம்

திருக்கழுக்குன்றம் பக்கம் நவரைப் பட்டம் தொடங்கிவிட்டால் டிராக்டர் மெக்கானிக்கைப் பிடிப்பது முகூர்த்த நாளில் மேளக்காரரைப் பிடிப்பது மாதிரி. கேஜ் வீல் மாட்டிய வண்டிகள் ராத்திரியிலும் சேற்றில் இறங்கும். சொல்லிவைத்தாற்போல எல்லார் வண்டிக்கும் அப்போதுதான் 'டைமிங்' போய்விடும். புல்லிங் இல்லையா, டைமிங். புகைகிறதா, டைமிங். பெரும்பாலும் அப்படி இருக்காது. ஃபில்டர் அடைத்திருக்கும், லைனில் ஏர் புகுந்திருக்கும், நாசில் ஒழுகும். பம்பு நட்டு தளராமல், கியர் தேயாமல், டைமிங் தானாக நகராது.

எங்களுடையது மூன்று சிலிண்டர் வண்டி, மைக்கோ பம்பு. 2008-ல் அந்தக் கம்பெனி பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டாலும் பட்டறைகளில் அது இன்னும் மைக்கோதான். ஜெர்மனியில் பாஷ் 1927-ல் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கிய அதே அமைப்பு: சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர், அதைத் தூக்கிவிட அடியில் ஒரு கேம். பிளஞ்சர் மேலேறி டீசல் வரும் துளையை மூடியதும் அழுத்தம் தொடங்கும். அந்தக் கணம் எப்போது வருகிறது என்பதுதான் டைமிங். அதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

எங்கள் மேஸ்திரி முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷனுக்குக் கொண்டுவருவார். ராக்கர் இரண்டும் லூசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் பிஸ்டன் மேலே நின்றாலும் அது வேறு ஸ்ட்ரோக். பிறகு பம்பின் முதல் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் கழற்றி வைத்துவிட்டு, ஹோல்டரை மட்டும் பூட்டி, அதில் வளைந்த பைப் துண்டு ஒன்றை மாட்டுவார். ஆக்ஸிலரேட்டரை முழுதாக இழுத்துக் கட்டியதும் டீசல் வழியத் தொடங்கும். ஃபிளைவீலை ஓடும் திசையிலேயே நெம்பி நெம்பி நகர்த்துவார். ஒழுக்கு நூலாகும், சொட்டாகும், நிற்கும். நின்ற இடத்தில், டாப்புக்கு முன்னால் புத்தகம் சொன்ன டிகிரிக் குறி ஜன்னலுக்கு நேரே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நட்டுகளைத் தளர்த்தி, பம்பின் உடம்பை மயிரிழை திருப்பி, மறுபடி முதலிலிருந்து. கிராங்க் இரண்டு சுற்றும்போது பம்பு ஒரு சுற்று. ஆகவே பம்பில் ஒரு டிகிரி பிசகினால் கிராங்கில் இரண்டு. 2000 ஆர்பிஎம்மில் கிராங்கின் ஒரு டிகிரி, விநாடியில் 12,000-ல் ஒரு பங்கு.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் இன்ஜினை ஓடவிட்டுப் பம்பைத் தட்டித் தட்டிக் காதால் வைப்பார்கள். எனக்கு அந்தக் காதில் நம்பிக்கை இல்லை. டைமிங் பிந்தினால் வெள்ளைப் புகையும் சூடும் காட்டிக் கொடுத்துவிடும். முந்தினால் சத்தம் கணீரென்று இருக்கும். அதையே பலம் என்று நினைத்துக்கொள்வார்கள். "கணகணன்னு அடிச்சாதான் டிரைவருங்களுக்கு வண்டி நல்லாருக்கு சார். பேரிங்கைக் கேட்டா வேற சொல்லும்" என்பார் மேஸ்திரி.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை, குப்பங்களில் ஃபைபர் போட்டைக் கரையேற்றும் கிழட்டு டிராக்டர்களுக்கு உப்புக்காற்று வேறு. நட்டு துருவேறி இறுகிவிடும். அதைச் சுத்தியலும் உளியும் வைத்துத் தளர்த்துவதற்குள் கம்பெனி போட்ட குறி காணாமல் போயிருக்கும்.

50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதி வந்த பிறகு, காமன் ரெயில் இன்ஜின்களில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. நம் வயலில் நிற்பவை அவை அல்ல. அதனால் பம்பில் யாரையும் கை வைக்க விடுவதற்கு முன், பம்பின் உடம்பையும் அது உட்காரும் முகத்தையும் சேர்த்து ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். சர்வீஸ் முடிந்து பம்பு திரும்பி வந்தால் அந்தக் கோட்டோடு விடாமல் சொட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.