மாமாவுக்குக் கண் தெரியாமல் போன கதை

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது "இது 128 கேபிபிஎஸ், மேல் ஸ்தாயி எல்லாம் அடிபட்டிருக்கு" என்று குறுக்கே பேசுகிற ஒருவன் எல்லாக் குடும்பத்திலும் இருப்பான். எங்கள் குடும்பத்தில் அது நான். மழையால் மேட்ச் நின்றால் மற்றவர்கள் பஜ்ஜிக்கு எழுந்து போவார்கள். நான் டக்வொர்த் லூயிஸ் கணக்கில் மீதி ஓவரும் கைவசம் இருக்கிற விக்கெட்டும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று ஆரம்பிப்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவி இதை அறிவு என்று நம்பினாள். பாவம்.

பொறுமையாகக் கேட்டவர் ஒருவர் உண்டு. என் மாமனார். கும்பகோணத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்று, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தவர். செஸ் அவருக்கு அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது, அதுவும் நம்ம ஊர்ப் பழைய சட்டப்படி. அதில் சிப்பாய்க்கு முதல் தடவையும் ஒரே கட்டம்தான். கேஸ்லிங் கிடையாது, அதற்குப் பதில் ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவிக்கொள்ளலாம். உலகச் சட்டத்தைப் பிறகு புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டார். அதோடு நிற்காமல் நாக்பூரில் இருந்த முகம் தெரியாத ஒருவரோடு போஸ்ட் கார்டில் ஆடியிருக்கிறார். ஓர் ஆட்டம் முடிய வருஷத்துக்கு மேல் ஆகுமாம். அந்தக் கார்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் விலாசம், நலம் விசாரிப்பு, கூடவே நான்கு இலக்கம். 5254 என்றால் ஐந்தாவது வரிசையின் இரண்டாம் கட்டத்தில் இருக்கிற சிப்பாய் அதே வரிசையின் நான்காம் கட்டத்துக்குப் போகிறது என்று அர்த்தம். எந்த மொழிக்காரருக்கும் புரியும். நான் அதைப் பார்த்துக் கூத்தாடினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆட்டம். அவர் யோசிக்கும்போது வெட்டின காயை மேஜையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார். நல்ல நகர்த்தல் அகப்பட்டுவிட்டால் தட்டுவது நின்றுவிடும். எனக்கு அடிவயிறு கலங்கும். பாதிக்குப் பாதி அவர் ஜெயிப்பார், நான் ஜெயிப்பேன். அதை அப்படியே விட்டிருக்கலாம்.

1997 மே மாதம் நியூயார்க்கில் உலக சாம்பியன் காஸ்பரோவை டீப் ப்ளூ என்கிற கம்ப்யூட்டர் தோற்கடித்தபோது அது உலகச் செய்தி. இப்போது நம் சட்டைப்பையில் கிடக்கிற போனில் இலவசமாக இறக்கிக்கொள்கிற ஸ்டாக்ஃபிஷ் என்கிற செஸ் புரோகிராம் எந்த உலக சாம்பியனையும் உட்காரவைத்துவிடும். ஒரு நகர்த்தலைக் கொடுத்தால் தசமப் புள்ளியோடு எண் தரும். ஒரு சிப்பாயின் மதிப்பை நூறாகப் பிரித்து, யார் எத்தனை பங்கு முன்னால் இருக்கிறார் என்று கணக்கு. சமம் என்றால் 0.00. இப்படி ஒரு சாமான் என் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு ஆட்டத்தையும் குறித்துவைத்து, ராத்திரி மெஷினில் போட்டு, முடிவை மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தேன். நல்ல எண்ணத்தில்தான். "மாமா, 18வது நகர்த்தல்ல மைனஸ் 3.2 ஆயிடுச்சு, பாருங்க." கூடவே சிவப்பில் இரட்டைக் கேள்விக்குறி போட்ட ஸ்கிரீன்ஷாட். "சரி மாப்ள, பாக்கறேன்" என்று பதில் வரும். அவர் ஜெயித்த ஆட்டத்தையும் விடவில்லை. "ஜெயிச்சீங்க, ஆனா நான் கவனிச்சிருந்தா நீங்க காலி" என்பதை எண்ணால் நிரூபித்து அனுப்பினேன். இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

கொஞ்ச நாளில் அவர் ஆட்டம் மாறியது. காயைத் தொடுவதற்கு முன் போர்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். குதிரையைக் கொடுத்துவிட்டுப் பாய்கிற ஆள், சிப்பாய்களை அடுக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மேஜையில் தட்டுகிற சத்தமும் இல்லை. அவர் தேறிவருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தப்புகள் குறைந்திருந்தன, எண்ணில்.

பிறகு ஒரு ஞாயிறு, "கண்ணு சரியில்ல மாப்ள. கட்டம் எல்லாம் கலங்குது" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். நான் விடுவேனா? கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வராந்தாவில் நெடுநேரம் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து விழித்திரையைப் படம் எடுக்கிற கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பவர் மாறவில்லை, இந்த வயதுக்கு நல்ல கண் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இருந்தாலும் கலங்குது" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அதோடு நின்றது.

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்காகக் குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் பதினான்காவது ஆட்டம். அதுவரை ஆளுக்கு ஆறரை புள்ளி. இதுவும் டிரா ஆனால் மறுநாள் ரேபிட் டைபிரேக். மதியம் இரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டம் பொழுது சாய்ந்தும் முடியவில்லை. நான் போனிலேயே பார்த்துக்கொண்டு, பால் வாங்கிக்கொடுக்கிற சாக்கில் மாமா வீட்டுக்குப் போனேன்.

டிவியில் அதே ஆட்டம், சத்தத்தை அணைத்துவிட்டு. திரையின் இடது ஓரத்தில், மேலிருந்து பாதி வரை, தினசரிக் காலண்டர் தாள்களை ஒன்றின் கீழ் ஒன்றாக செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. ராகுகாலம், எமகண்டம் எல்லாம் தெரிந்தது.

"டிவியில ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கே மாமா" என்று பிய்க்கப் போனேன்.

"அது இருக்கட்டும் மாப்ள."

தாளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். யார் முன்னால் இருக்கிறார் என்று ஏறி இறங்கிக் காட்டுகிற கறுப்பு வெள்ளைப் பட்டை. அதை எதற்கு மறைக்க வேண்டும் என்றுதான் விளங்கவில்லை. கையில் போன் இருந்தது. "சுத்த டிரா மாமா. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட இருக்கு, அவ்வளவுதான். 0.00" என்றேன்.

"அவங்க இன்னும் ஆடுறாங்களே" என்றார்.

அப்போதுதான் டிங் யானையைப் பின்னால் இழுத்து எஃப்2-இல் வைத்தார். 55வது நகர்த்தல். மாமா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். விரல் நாற்காலிக் கையைத் தட்டத் தொடங்கியது. "இதை எதுக்கு இங்க கொண்டுவந்தான்... யானையும் யானையும் போயிடும். ராஜா எடுத்துப்பார். அப்புறம் நம்ம பிஷப்ப நடுவுல வெச்சா..." தட்டுவது நின்றது. "மாப்ள, மூலையில இருக்கிறது எங்க ஓடும்?"

மூலையில் டிங்கின் பிஷப். மூலையில் நிற்கிற பிஷப்புக்கு ஒரே சாய்கோடுதான். அந்தக் கோட்டின் நடுவில் எதிரி பிஷப் வந்து நின்றால் தப்ப வழியில்லை. அதுவும் இதுவும் வெட்டுப்பட்டால் மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும். ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கிறவன் ஜெயிப்பான். போஸ்ட் கார்டு காலத்தில் இந்த மாதிரி முடிவாட்டங்களை மாதக்கணக்கில் மென்றவர் மாமா. நான் அந்த நேரத்தில் போனைக் கீழே இழுத்து இழுத்து ரிஃப்ரெஷ் பண்ணிக்கொண்டிருந்தேன். அதிலிருந்த பட்டை அவர் சொன்னதற்குப் பிறகுதான் கறுப்பாக, குகேஷ் பக்கம், விழுந்தது. திரையில் குகேஷின் கண் விரிந்ததை நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. பிற்பாடு ஊரே பகிர்ந்த வீடியோவில்தான் பார்த்தேன்.

பதினெட்டு வயதில் உலக சாம்பியன். மாமி கேசரி கிளற உள்ளே போனார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கண்ணைத்தான் பார்த்தேன். நாற்காலிக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம். திரையில் பாதிக்கு மேல் ஆட்டக்காரர்களின் முகம். போர்டு ஓர் ஓரத்தில், கட்டம் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. அத்தனை தூரத்திலிருந்து மூலைக் கட்டத்துப் பிஷப் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கலங்கவில்லை. எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தா நினைவுக்கு வந்தது. எரிகிற சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, நான் கருவியைப் பற்றிப் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையிடம் 'உங்களோடு ஆடப் பிடிக்கவில்லை' என்று சொல்வதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"கேசரி சாப்பிடுங்க மாப்ள" என்றார். சாப்பிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லவேண்டிய சங்கடம் அவருக்கு.

ராத்திரி பழைய ஆட்டங்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் அவர் குதிரையைத் தூக்கிக் கொடுத்திருந்தார், இரட்டைக் கேள்விக்குறி. மெஷின் சொல்வது சரிதான், அந்தப் பலிக்குப் பதில் உண்டு. ஆனால் அந்தப் பதில் எனக்கு அன்றைக்கு அகப்படவே இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் வேர்த்துக்கொட்டி, மாமி கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிப்போகிற வரைக்கும் யோசித்துத் தோற்றேன். கோப்பில் அதெல்லாம் இல்லை. –2.7 இருக்கிறது.

மறுநாள் வாட்ஸ்அப்பில் அவருக்கு 5254 என்று மட்டும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. சாயங்காலம் என் மனைவி, "அப்பாவுக்கு எதுக்கு ஓடிபி அனுப்பினீங்க? அம்மா பயந்துபோய் போன் பண்றாங்க" என்றாள். மாமா மாமியிடம் விளக்கவில்லை போலிருக்கிறது. வாரக் கடைசியில்தான் 5755 வந்தது. அடியில் ஒரு வரி: "மெதுவாத்தான் ஆடுவேன்."

மெதுவாகத்தான் ஆடுகிறார். நாக்பூர்க்காரருக்குக் கார்டு போய்ச் சேருகிற வேகத்தில். மெஷினைக் கேட்பேனா என்று அவர் கேட்கவில்லை, கேட்கமாட்டேன் என்று நானும் சொல்லவில்லை. இப்போது என் முறை. ராணிப் பக்கத்துச் சிப்பாயை அவர் சும்மா கொடுக்கிறாரா, இல்லை குதிரையை உள்ளே இறக்கப் பார்க்கிறாரா என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எடுத்தால் தப்பு என்று தோன்றுகிறது. எடுக்காவிட்டால் இன்னும் தப்பு.