கட்டை விரலுக்குக் கீழே

டயமண்ட் ஹார்பர் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் திடீரென்று நின்றுபோனால், முதலில் காதில் விழுவது மினிபஸ் கண்டக்டரின் வசவுதான். போன ஜூலையில் ஒரு மாலை, பெஹாலா சௌராஸ்தாவைத் தாண்டித் தாரத்தலா பக்கம் போய்க்கொண்டிருந்தபோது அதைக் கேட்டேன். பஸ்ஸின் தகரத்தைக் கையால் தட்டிக்கொண்டே அவர் சொன்ன வார்த்தைக்கு வங்காள அகராதியில் பொருள் தேட வேண்டியிருக்கவில்லை.

பின் சீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள். தலைக்கு மேலே மெட்ரோ பாதை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி விக்கவில்லை, இருமவில்லை. விளக்கை அணைத்த மாதிரி இன்ஜின் ஓசை சட்டென்று அடங்கியது. பின்னால் வந்த மினிபஸ் எங்கள் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனோம். சாவி போட்டபடியே இருந்தது. விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அழுத்தினேன். ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. மகள் ஏறிக்கொள்ளவில்லை. “நான் மெட்ரோல போயிக்கிறேன்ப்பா” என்று படியேறிப் போய்விட்டாள். அடுத்த சில வாரங்களுக்கு டியூஷனுக்கும் மெட்ரோதான். ஜோகாவிலிருந்து தாரத்தலா வரை 2022 டிசம்பரில் தொடங்கிய பாதை அது. பெஹாலாக்காரர்கள் அதற்காக எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் மெட்ரோவில் போன ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது.

வண்டி 2013 மாடல். வேலை மாறி நான் கல்கத்தாவுக்கு வந்தபோது, பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் வந்து சேர்ந்தது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. பத்து மழைக்காலத்துக்கு மேல் நனைந்த எந்த வண்டிக்கும் இது நேரலாம். அதிலும் வங்காளத்து மழை வேறு ரகம். சென்னையில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இங்கே ஜூனில் பிடித்தால் துர்கா பூஜை வரை விடாது. மழை இல்லாத நேரத்தில் காற்றே ஈரத்துணி போல இருக்கும்.

முதலில் போனது ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு. பிளக்கை மாற்றினார்கள். மூன்று நாள் ஓடியது, நான்காம் நாள் நின்றது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். ஐந்து நாள் ஓடியது. அடுத்து காயிலை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டியைக் கொடுக்கும்போது, “நாங்கள் ஓட்டிப் பார்த்தோம், நன்றாகத்தான் ஓடுகிறது” என்றார்கள். அதில் பொய் இல்லை. அவர்கள் ஓட்டும்போது ஓடத்தான் செய்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் போயிற்று. வீட்டில் மகள் மட்டும் ஒரு விஷயத்தைச் சொன்னாள்: “மழை பேஞ்சா இல்ல வண்டி கழுவினாத்தான் இது நிக்குது. கவனிச்சியாப்பா?” நான் கவனித்திருக்கவில்லை. அப்போதும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் பால்காரர் சொல்லி, சகேர் பஜார் பக்கத்துச் சந்தில் ஒரு கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு மர பெஞ்சு, ஆணியில் மாட்டிய ஸ்பேனர்கள். அறுபது வயதுக்காரர். எல்லோரும் ‘மிஸ்திரி’ என்றுதான் அழைக்கிறார்கள். நம்மூர் மேஸ்திரியும் இவரும் ஒரே சொல்லின் பிள்ளைகள். போர்ச்சுக்கீசியர்கள் வங்காளக் கரைக்கும் தமிழ்க் கரைக்கும் விட்டுப்போனது. அவர்கள் விட்டுப்போன சாவியை இங்கே ‘சாபி’ என்பார்கள், ஜன்னலை ‘ஜானாலா’ என்பார்கள். என் வங்காளம் இன்னும் தடுமாறும் இடங்களில் இப்படிப்பட்ட சொற்கள்தான் கை கொடுக்கின்றன. மிஸ்திரி என்னைவிட மூத்தவர். ஆனாலும் வழக்கப்படி என்னை ‘தாதா’ என்றார். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த மரியாதை பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

அவர் வண்டியைத் தொடவில்லை. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தாதா, நின்றபோது ஹாரன் அடித்ததா? செல்ஃப் எடுத்ததா?”

இத்தனை நாளில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. நானாகவும் யாரிடமும் சொல்லவில்லை. ஹாரன் அடித்தது, செல்ஃப் எடுக்கவில்லை என்றேன். “அப்படியானால் பிளக்கை ஏன் மாற்றினார்கள்?” என்று கேட்டுவிட்டு, ஹேண்டில்பாரின் வலது பக்கம் இருந்த சிவப்புப் பொத்தானை விரலால் தட்டிக் காட்டினார்.

அந்தப் பொத்தானுக்கு ஆங்கிலத்தில் கில் சுவிட்ச் என்று பெயர். வண்டி சரிந்தாலோ, ஆக்ஸிலேட்டர் கேபிள் மாட்டிக்கொண்டு இன்ஜின் அலறினாலோ, கையைப் பிடியிலிருந்து எடுக்காமல் கட்டை விரலாலேயே அணைப்பதற்காக வைத்தது. என் வண்டியில் பாட்டரியிலிருந்து இக்னிஷனுக்குப் போகும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. செல்ஃப் மோட்டாரை எழுப்பும் மின்சாரத்துக்கும் இதே வழி. விளக்குக்கும் ஹாரனுக்கும் வேறு வழி. பிளக்கில் கோளாறு என்றால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பாட்டரியில் கோளாறு என்றால் ஹாரனும் ஈனஸ்வரத்தில் முனகும். இன்ஜினும் செல்ஃபும் மட்டும் சேர்ந்து செத்தால், கோளாறு அந்த இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். மிஸ்திரி உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்தது இப்படித்தான். பழைய மாடல்கள் சிலவற்றில் இந்தப் பொத்தான் மின்சாரத்தைத் துண்டிக்காமல் எர்த் செய்து இன்ஜினை அணைக்கும். அவற்றில் பொத்தான் கெட்டால் வண்டி நிற்காது, அணைக்க முடியாமல் போகும். அதையும் அவரே சொன்னார்.

சுவிட்ச் என்றதும் எனக்கு 2014 நினைவுக்கு வந்தது. அந்த வருடம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், இக்னிஷன் சுவிட்ச் கோளாறு காரணமாகச் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடும்போதே சாவி தானாக நழுவி இன்ஜின் அணைந்துவிடும். மோதினால் காற்றுப்பையும் விரியாது. சுவிட்சுக்குள் இருந்த ஒரு சிறு பாகத்தின் பிடிப்பு போதாததுதான் காரணம். நிறுவனம் ஏற்படுத்திய இழப்பீட்டு நிதி, 124 சாவுகளை இந்தக் கோளாற்றின் கணக்கில் ஏற்றுக்கொண்டது. நடுவில் அந்தப் பாகத்தைத் திருத்தியிருந்தார்கள், ஆனால் அதன் எண்ணை மாற்றவில்லை. பழையது எது, புதியது எது என்று தெரியாமல் விசாரணைக்காரர்களே குழம்பினார்கள்.

அந்தச் செய்தியை மொழிபெயர்த்தவன் நான். அன்று என் கவலையெல்லாம் இக்னிஷன் சுவிட்சுக்குத் தமிழ் என்ன என்பதுதான். ‘எரியூட்டு விசை’ என்று எழுதினேன், அடித்தேன். விசை, சொடுக்கி, பொத்தான், நிலைமாற்றி என்று அரை மணி நேரம் போயிற்று. நான்கு சொற்கள் தெரிந்த எனக்கு அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. 124 என்ற எண்ணை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, அதனால் அதன் மீது நான் நிற்கவே இல்லை. மினிபஸ் ஒரு முழத்தில் நின்ற பிறகுதான் அந்தச் செய்தி எனக்கு அர்த்தமானது.

மிஸ்திரி ஹெட்லைட்டைக் கழற்றி, அதன் பின்னால் இருந்த வயர் இணைப்புகளை வெளியே இழுத்தார். சாவியைத் திருப்பி, மல்டிமீட்டரை வைத்தார். பாட்டரியில் 12.5 வோல்ட். பொத்தானுக்குள் நுழையும் வயரில் 12.3. வெளியே வரும் வயரில் 8.9. பொத்தானை லேசாக ஆட்டியதும் 11, விட்டதும் 7. “வழியில் யாரோ சுங்கம் வசூலிக்கிறார்கள்” என்றார். ஆனாலும் அதோடு தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. ஒரு சாண் வயரால் அந்த இரண்டு முனைகளையும் நேராக இணைத்து, டேப் சுற்றினார். “இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அணைக்கச் சாவி இருக்கிறது. நிற்காவிட்டால் சுவிட்ச்தான். நின்றால் வேறு இடத்தில் தேடுவோம். இது சோதனைக்குத்தான், இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது.” அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இரண்டு நாளும் நல்ல மழை. நனைந்துகொண்டே மாஜேர்ஹாட் பாலம் வரை போய்த் திரும்பினேன், சௌராஸ்தா சிக்னலில் வேண்டுமென்றே நின்று நின்று கிளம்பினேன். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மூன்றாம் நாள் சுவிட்சைத் திறந்தார். அடிப்பக்கம் இரண்டு ஸ்குரூ. கழற்றினால் இரண்டு பாதியாகப் பிரிகிறது. கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டார். உள்ளே கடுகு அளவுக் குண்டும் மெல்லிய ஸ்பிரிங்கும் இருக்கும், துள்ளி ஓடினால் கிடைக்காது என்றார். கட்டை விரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு செம்புத் தகடு. அதன் மேல் பச்சையாகக் களிம்பு.

எம்.ஏ. வகுப்பில் சைவ சித்தாந்தம் நடத்திய பேராசிரியர், ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொல்வார். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது என்பது சித்தாந்தம். தேர்வில் அதை எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மகளுக்குத் தெரிந்திருந்தது, அவள் அறிவியல் படிப்பவள். மழை பெய்தால் நிற்கிறது என்று அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இரண்டாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. “இப்போது ஓடும். அடுத்த மழைக்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை. பின்னால் பெண்ணை உட்காரவைக்கிறீர்கள், புதிதாகப் போட்டுவிடுங்கள்” என்றார். பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன மல்லிக் பஜாரில் மலிவாகக் கிடைக்குமே என்றேன். “பழைய சுவிட்ச் வாங்குவது இன்னொருவர் நனைந்த மழையைக் காசு கொடுத்து வாங்குவது” என்றார்.

புதிது வாங்குவதும் லேசாக இல்லை. பக்கத்துக் கடையில் கொடுத்த சுவிட்சில் ஹெட்லைட்டை அணைக்கும் பட்டனே இல்லை. 2017 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடினால் முன்விளக்கு தானாக எரிய வேண்டும் என்பது விதி. அதோடு அந்தப் பட்டன் போய்விட்டது. என் வண்டி அதற்கு முந்தியது; வயர்கள் பொருந்தவில்லை. கடைசியில் மல்லிக் பஜாருக்கே போய், பெட்டி பிரிக்காத பழைய சரக்கு ஒன்றை 640 ரூபாய்க்கு வாங்கினேன். பக்கத்திலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில்தான் மைக்கேல் மதுசூதன் தத்தர் உறங்குகிறார். கல்கத்தாவிலிருந்து மதராஸுக்குப் போய் 1848 முதல் 1856 வரை வாத்தியாராகவும் பத்திரிகைக்காரராகவும் பிழைத்தவர். எதிர்த்திசையில் வந்து பிழைக்கும் நான், கையில் சுவிட்சோடு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

மாட்டுவதற்கு அரை மணி நேரம். சுவிட்சின் உள்பக்கத்தில் ஒரு சின்ன முளை இருக்கிறது. அது ஹேண்டில்பாரில் இருக்கும் துளையில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் சுவிட்ச் பிடியோடு சேர்ந்து சுற்றும். ஆக்ஸிலேட்டர் கேபிளும் இதற்குள்தான் வருகிறது. மிஸ்திரி இணைப்புகளில் வாஸ்லின் தடவி, வயரின் நிறத்தோடு நிறத்தைச் சேர்த்தார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பினார். வயர் எங்கும் இழுபடவில்லை, இன்ஜின் வேகம் ஏறவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டார். சட்டென்று திரும்பி வந்தது. கடைசியாகச் சிவப்புப் பொத்தானை அழுத்தி இன்ஜினை அணைத்தார். “அணைக்கத் தெரிய வேண்டும். அணைப்பதுதான் இதன் வேலை” என்றார்.

அன்று இரவு ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் ஓடவில்லை. வழக்கம்போல அதிலிருந்த பெரிய சொற்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். பிளக், கார்புரேட்டர், காயில். பிறகுதான் உறைத்தது. மூலத்தை மறுபடி படித்தால், ‘ஆல்’ வர வேண்டிய இடத்தில் ‘இல்’ போட்டிருந்தேன். ஒரு வேற்றுமை உருபு. பெரிய சொற்களுக்கு நடுவே, கட்டை விரலுக்குக் கீழே இருந்தது கோளாறு.

செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வந்தது. பெஹாலா வானம் முழுக்கக் காற்றாடி. மிஸ்திரி ஸ்பேனர்களைக் கழுவி, விஸ்வகர்மா சிலைக்கு முன்னால் அடுக்கியிருந்தார். சந்தேஷ் பெட்டியோடு மகளை அழைத்துக்கொண்டு போனேன். அவள் வண்டியில்தான் வந்தாள். ஏறும் முன் சிவப்புப் பொத்தானைத் தானே ஒரு தடவை அழுத்திச் சோதித்துக்கொண்டாள்.

எங்கள் ஊரிலும் ஆயுத பூஜை உண்டு, ஆனால் அன்றே சரஸ்வதி பூஜையும் நடக்கும் என்று மிஸ்திரியிடம் சொன்னேன். வங்காளத்தில் சரஸ்வதிக்கு மாக மாதத்தில் தனி நாள். அவருக்கு ஆச்சரியம். “புத்தகத்துக்கும் ஸ்பேனருக்கும் ஒரே நாளா?” என்றார்.

ஒரே நாள்தான் என்றேன். சின்ன வயதிலிருந்து பார்த்து வந்த வழக்கம் அது. ஏன் அப்படி என்று அன்று வரை நான் யோசித்ததில்லை.