முதன்முறையாக ரக்னரோஸின் முன் நிற்பவர்களுக்கு

அண்மையில் கொழும்பில் பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். இலண்டனிலுள்ள பேரனுடன் சேர்ந்து இணைய விளையாட்டொன்றில் இறங்கியிருப்பதாகச் சொன்னவர், சற்றுக் கூச்சத்துடன், "வாற கிழமை ரெய்ட் ஒண்டுக்குப் போறம். கடைசியில ரக்னரோஸாம். நான் என்ன செய்யவேணும்? உமக்குத்தானே அனுபவம் இருக்கு" என்று கேட்டார். நின்ற நிலையிலேயே சில வார்த்தைகள் கூறினேன். வீடு திரும்பிய பின்னர்தான், கூறியிருக்க வேண்டிய ஒன்றைக் கூறாமல் வந்துவிட்டேன் என்பது உறைத்தது. அதனாலேயே இதை எழுதுகின்றேன்.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்பது பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட விளையாட்டு. அதன் ஆரம்பகால வடிவத்தை 2019 ஓகஸ்ட்டில் 'கிளாசிக்' என்ற பெயரில் அந்நிறுவனம் மீண்டும் திறந்துவிட்டது. தனியொருவரால் வெல்ல இயலாத எதிரியைக் கூட்டமாகச் சென்று எதிர்கொள்வதே ரெய்ட். அந்த எதிரிக்குப் பெயர் 'பொஸ்'. மோல்ட்டன் கோர் என்னும் எரிமலைக் குகைக்குள் நாற்பது பேர்வரை செல்லலாம். அங்கே பத்துப் பொஸ்கள் இருக்கின்றன. பத்தாவது, தீக்குழம்பிலிருந்து மேலெழுந்து நிற்கும் ரக்னரோஸ். செல்பவர்களுக்கு மூன்று வகைத் தொழில்கள். அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்பவர் 'டாங்க்'. காயத்தை ஆற்றுபவர் 'ஹீலர்'. ஏனையோர் தாக்குபவர்கள்.

என் மகன் ரொறன்ரோவில் இருக்கின்றான். அவன் சென்ற சில வருடங்களில் எங்கள் தொலைபேசி உரையாடல், "சாப்பிட்டியா, குளிரோ, வேலை எப்படி" என்ற மூன்று கேள்விகளாகச் சுருங்கிப்போயிருந்தது. 2019இல் அவனே இந்த விளையாட்டை எனக்கு அறிமுகப்படுத்தினான். அவன் போர்வீரன். நான் ஹீலர். ரெய்ட்டுக்குத் தேவையான அறுபதாவது மட்டத்தை நான் எட்டுவதற்கு அரை வருடத்துக்கு மேலாயிற்று. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. கொழும்பில் அது மே மாத இறுதிவரை நீடித்தது. அந்த நாட்களில்தான் மகனுடைய குழுவில் நானும் சேர்ந்தேன். அவர்களுக்குச் சனிக்கிழமை இரவு எட்டரை மணி, எனக்கு ஞாயிறு காலை ஆறு மணி. குழுவினர் பெரும்பாலும் வேலை, குடும்பம் என்றிருப்பவர்கள். ரக்னரோஸை வெல்லாதவர்களே அதிகம்.

போவதற்கு முன் மகன் எனக்கு வகுப்பெடுத்தான். ரக்னரோஸ் இடம்பெயர மாட்டான். அருகில் நிற்பவர்களை அடிக்கடி தூக்கியெறிவான். தூரத்தில் நிற்பவர்களுள் ஒருவரைத் திடீரெனக் குறிவைப்பான். அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்களும் சேர்ந்தே தூக்கியெறியப்படுவர். விழுமிடம் தீக்குழம்பாக இருந்தால் பிழைப்பது அரிது. மூன்று நிமிடங்களுக்குள் அவனை வீழ்த்தாவிட்டால் தீக்குழம்பினுள் மூழ்கிவிடுவான். அப்போது எட்டுத் தீப்புதல்வர்கள் கிளம்பி வருவார்கள். ஒன்றரை நிமிடத்தில் அவன் மீண்டும் எழுவான். "அப்பா, நீங்கள் செய்யவேண்டியது ஒண்டுதான். உங்கட இடத்தில தனிய நில்லுங்கோ. டாங்கை மட்டும் பாருங்கோ. என்னைப் பாக்காதைங்கோ" என்றான்.

கடைசி வாக்கியத்தை அவன் ஏன் சொன்னான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

போர் தொடங்கி இரண்டு நிமிடங்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. பின்னர் திரையின் ஓரத்தில் மகனுடைய உயிர்க்கோடு மளமளவென்று இறங்கக் கண்டேன். அவன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவில்லை. என் இடத்தை விட்டு அவனை நோக்கி ஓடினேன். ஓடிய வழியில் வேறு மூன்று ஹீலர்கள் நின்றிருந்தார்கள். நான் அவர்களைத் தாண்டும் கணத்தில் ரக்னரோஸ் என்னைக் குறிவைத்தான். நால்வரும் ஒன்றாகப் பறந்தோம். இருவர் தீக்குழம்பில் வீழ்ந்தனர். டாங்குக்கு மருந்திட ஆளில்லாமற்போனது. அரை நிமிடத்துக்குள் அனைவரும் பிணமாகக் கிடந்தோம்.

குழுத்தலைவர் அமைதியாக, "என்ன நடந்தது?" என்று கேட்டார். ஒலிவாங்கி என் முன்னால் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. சில விநாடிகள் கழித்து மகனுடைய குரல் கேட்டது. "என் பிழை. நான் மருந்து குடிக்கப் பிந்திவிட்டேன்."

இவ்விடத்தில் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பத்திரிகைக்கு வந்த புதிதில், மரண அறிவித்தல் ஒன்றில் பெயரை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். உயிரோடிருந்த தம்பியின் பெயர் இறந்தவராக அச்சேறியது. மறுநாள் ஆசிரியர் விசாரித்தபோது, ஒப்புநோக்குநராக இருந்த முதியவர், "நான் கவனிக்கேல்லை" என்று தலைகுனிந்தார். நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். அன்றும் நான் பேசவில்லை. திருத்தம் இரண்டு வரியில் வெளிவந்தது. அவருக்கு ஏச்சு விழுந்தது. அவர் இப்போது இல்லை.

அந்த ஞாயிறு காலை, இரண்டாவது முயற்சிக்காக ஆவியுருவில் எரிமலை வாசலை நோக்கி எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கையில், ஒலிவாங்கியைத் திறந்தேன். "பிழை அவனுடையதல்ல. நான் இடம் மாறினேன்" என்றேன். ஏச்சை எதிர்பார்த்தேன். தலைவர் கூறியது இவ்வளவுதான்: "நல்லது. அப்படியென்றால் திட்டத்தை மாற்றவேண்டியதில்லை."

அந்த வார்த்தையைப் பின்னர் பல நாட்கள் எண்ணிப் பார்த்தேன். மகனுடைய பொய்யை நம்பியிருந்தால் சரியாக இருந்த ஒன்றை அவர்கள் திருத்தப் புறப்பட்டிருப்பார்கள். மறைக்கப்பட்ட பிழை, அடுத்த முயற்சியிலும் அதே இடத்தில் காத்திருக்கும். நாற்பது பேர் மீண்டும் சாகவேண்டியிருக்கும்.

ஆகவே நண்பருக்கும், முதன்முறை செல்லும் ஏனையோருக்கும் நான் சொல்லக்கூடியவை இவை. புதியவர் என்பதைத் தொடங்குமுன்னரே சொல்லிவிடுங்கள். ஒரு நிமிடம் விளக்குவதற்கு எவரும் பின்நிற்பதில்லை. பொஸ் செய்யும் எல்லாவற்றையும் மனனம் செய்ய முயலாதீர்கள். உங்களைக் கொல்லக்கூடிய இரண்டையும், நீங்கள் செய்யவேண்டிய ஒன்றையும் தெரிந்துகொண்டால் போதும். தீயைத் தாங்கும் மருந்தைக் கைவசம் வைத்திருங்கள். தாக்குபவராயின், எதிரியின் கோபத்தை டாங்க் தன்பக்கம் ஈர்த்துக்கொள்ளும்வரை பொறுத்திருங்கள். இறந்துவிட்டால் திரையைவிட்டு எழுந்து போகாதீர்கள். ரக்னரோஸ் என்ன செய்கின்றான் என்பதை ஆறுதலாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம் அது. முதல் நாள் வெல்வதற்கான நாளன்று, பார்ப்பதற்கான நாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிழை உங்களுடையதாயின் வேறொருவர் அதைச் சுமக்குமுன் வாய் திறவுங்கள். "நான் இடம் மாறினேன்" என்பது மூன்றே சொற்கள்.

அன்று நாங்கள் ரக்னரோஸை வெல்லவில்லை. அடுத்தடுத்த கிழமைதான் அவன் வீழ்ந்தான். அந்த முறை மகன் இரண்டு தடவை சாகக் கிடந்தான். நான் டாங்கையே பார்த்துக்கொண்டு என் இடத்தில் நின்றேன். அவனை வேறொரு ஹீலர் காப்பாற்றினார்.

முடிந்ததும் மகன் தனியாக அழைத்தான். "அண்டைக்கு ஏன் தம்பி உன்ர பிழை எண்டனீ?" என்று கேட்டேன்.

"நீங்கள் இனி வரமாட்டியளோ எண்டு பயந்திட்டன் அப்பா" என்றான்.