பேப்பர் டவலை எங்கே வைப்பது?

தமிழ் வீட்டுச் சமையலறையில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அஞ்சறைப் பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில். உப்பு ஜாடி கை நீட்டினால் எட்டும் இடத்தில். பிடிதுணி அம்மாவின் தோளில், இல்லையென்றால் மேடை ஓரத்தில். பாட்டி வைத்தார், அம்மாவும் அங்கேயே வைத்தார், அவ்வளவுதான்! ஆனால் பேப்பர் டவல் என்கிற அந்த வெள்ளை உருளைக்கு இப்படி ஒரு பரம்பரை இடம் கிடையாது. பாட்டி காலத்தில் அது வீட்டிலேயே இல்லை. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் முதன்முதலாக ஒரு சமையலறையைத் தாங்களே நடத்தும்போது, அந்த உருளைக்கு இடம் தேடும் வேலையும் அவர்கள் தலையில் விழுகிறது.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று சிரிக்கலாம். நான்கு பேர் சேர்ந்து வாழும் வீட்டில் இது பிரச்சினைதான். காசு, சுத்தம், தீ என்று மூன்று விஷயங்கள் இதில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலில் கொஞ்சம் வரலாறு. பிலடெல்ஃபியாவில் ஸ்காட் பேப்பர் கம்பெனி என்று ஒன்று இருந்தது. கழிப்பறைக் காகிதம் செய்வது அவர்கள் தொழில். 1907-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு லோடு காகிதம் தேவைக்கு மேல் தடிமனாக வந்துவிட்டதாம். திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, ஆர்தர் ஸ்காட் அதைத் துண்டு துண்டாகக் கிழிக்கும்படி துளையிட்டு, கை துடைக்கும் காகிதமாக விற்றார் என்று சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் சளி பிடித்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே துண்டில் கை துடைக்கக் கூடாது என்று ஓர் ஆசிரியை ஆளுக்கொரு காகிதத் துண்டு கொடுத்தாராம். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஸ்காட்டுக்கு இந்த யோசனை வந்ததாகக் கதை. வீட்டுச் சமையலறைக்கான உருளை 1931-இல்தான் வந்தது. கவனிக்க வேண்டியது ஒன்று: ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நோய் போகாமல் இருக்கத்தான் இது பிறந்தது. மேடை துடைக்க, தரை துடைக்க, கண்ணாடி துடைக்க என்பதெல்லாம் பிறகு சேர்ந்த வேலைகள்.

சரி, இப்போது அந்த வீட்டுக்கு வருவோம். ஒரு பல்கலைக்கழக ஊர். இரண்டு படுக்கையறை வாடகை வீடு. நான்கு மாணவர்கள்: மதுரைக்காரன், தஞ்சாவூர்க்காரன், நெல்லைக்காரன், சென்னைக்காரன். சமையலறை ரயில் பெட்டி மாதிரி நீளம். ஒரு பக்கச் சுவரில் ஃபிரிட்ஜ், அடுத்து சிங்க், அடுத்து இரண்டு முழ மேடை, கடைசியில் சுருள் சுருளாகக் கம்பி வைத்த மின்சார அடுப்பு. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சாப்பிட ஒரு குட்டி மேடை.

முதல் இடம்: அடுப்புக்குப் பக்கத்து மேடை.

இதை முடிவு செய்தவன் தஞ்சாவூர்க்காரன். அவனுக்கு அப்பளம் இல்லாமல் சோறு இறங்காது. பொரித்த அப்பளத்தை வடிக்கக் காகிதம் வேண்டும். வந்த புதிதில் கல்லூரியில் சும்மா கிடைக்கும் செய்தித்தாளைத்தான் தட்டில் விரித்தான். ஊரில் டீக்கடை வடையிலிருந்து வீட்டு பஜ்ஜி வரைக்கும் எல்லாம் அப்படித்தானே? ஆனால் அச்சு மையில் இருக்கும் வேதிப்பொருள்கள் சூடான எண்ணெயில் கரைந்து தின்பண்டத்தில் ஏறும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைப் பற்றி 2016-இல் எச்சரித்தது, 2023-இல் மறுபடியும் எச்சரித்தது. நெல்லைக்காரன் அதைச் சொல்ல, செய்தித்தாள் போய் பேப்பர் டவல் வந்தது. வந்ததும் அடுப்பை ஒட்டி நின்றது.

பார்க்க வசதிதான். ஆனால் கை எட்டும் இடத்தில் இருந்ததால் எல்லாவற்றுக்கும் அதுவே ஆனது. ஒரு சொட்டு சாம்பார் சிந்தினால் மூன்று ஷீட். கை கழுவினால் இரண்டு. மூக்கு சிந்த ஒன்று. இரண்டு நாளில் ஓர் உருளை காலி! மாதக் கணக்கு பார்க்கும் சென்னைக்காரன் ரசீதைப் பார்த்துவிட்டு, "டேய், அரிசிக்கு ஆன செலவுக்குப் பக்கத்துல பேப்பருக்கு ஆயிருக்குடா!" என்று கத்தினான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒரு சனிக்கிழமை நடந்தது. கேஸ் அடுப்பில் பழகியவர்களுக்கு, நெருப்பு அணைந்தால் அடுப்பு அணைந்தது என்று அர்த்தம். இந்தக் கம்பிச் சுருள் அப்படியில்லை. திருகியை அணைத்து, சிவப்பு நிறம் போன பிறகும் வெகுநேரம் கொதிக்கிற சூட்டில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். மதுரைக்காரன் அவசரத்தில் ஒரு ஷீட்டை இழுத்தான். உருளை சுழன்று நான்கு ஷீட் நீளத்துக்கு அவிழ்ந்தது. வால் போய்க் கம்பி மேல் விழுந்தது. முதலில் பழுப்பு, பிறகு புகை, பிறகு சின்னதாக ஒரு நாக்கு. புகை அலாரம் வீடே அதிரும்படி அலறியது. நல்லவேளை, சிங்க் பக்கத்தில் இருந்தது. உருளையை அப்படியே தூக்கி அதில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டான். யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்று இரவு நான்கு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அமெரிக்காவில் வீட்டுத் தீ விபத்துகளுக்கு முதல் காரணம் சமையல்தான் என்று அங்குள்ள தீத்தடுப்புச் சங்கம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. எரியக்கூடிய எதையும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதே என்பது அவர்களுடைய அடிப்படை அறிவுரை. அதில் துணியும் உண்டு, காகிதமும் உண்டு.

இரண்டாவது இடம்: சிங்குக்குக் கீழே.

பயத்தில் உருளை இருட்டுக்குப் போனது. ஒரு வாரம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு சிங்குக் குழாயின் இணைப்பில் மெல்லிய கசிவு. பாதி உருளை நீரைக் குடித்து இட்லி மாதிரி உப்பிவிட்டது. அதோடு, கோழி வெட்டிய கையோடு கதவின் பிடியைத் தொட்டுத்தான் திறக்க வேண்டியிருந்தது. எந்த அழுக்கு பரவக் கூடாது என்று காகிதத்தைத் தேடினார்களோ, அதே அழுக்கு கதவில் ஒட்டியது.

மூன்றாவது இடம்: ஃபிரிட்ஜ் தலையில்.

இது சென்னைக்காரனின் சிக்கன நடவடிக்கை. ஒரே வாரத்தில் செலவு சரசரவென்று குறைந்தது. ஆனால் மஞ்சள் கறை மேடையில் காய்ந்து கிடந்தது. எல்லாரிலும் உயரம் குறைந்த நெல்லைக்காரன், "ஏலே, கறையத் தொடைக்க ஏணி வச்சா ஏறணும்?" என்று கேட்டுவிட்டுத் தன் பழைய டீ-ஷர்ட்டை எடுத்து எல்லாவற்றையும் துடைக்க ஆரம்பித்தான். மேடை, தட்டு, கை, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே டீ-ஷர்ட்.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. "காகிதம் வீண்செலவு, துணிதான் நல்லது" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஊரில் அது சரி. அம்மா பிடிதுணியைத் தினமும் அலசுவார், கொடியில் போடுவார், வெயில் பார்த்துக்கொள்ளும். இந்த வீட்டில் துணி துவைப்பது வாரம் ஒருமுறை, காசு போடும் மெஷினில். ஆக, அந்த டீ-ஷர்ட் ஈரத்தோடு ஏழு நாள் மேடையில் சுருண்டு கிடந்தது. மொரீஷியஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மாதம் பயன்படுத்திய 100 சமையலறைத் துணிகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். 49 துணிகளில் பாக்டீரியா வளர்ந்திருந்தது. ஆட்கள் அதிகமுள்ள வீடுகளில் அதிகம். பல வேலைக்கு ஒரே துணி என்றால் ஈ.கோலை இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த துணியைவிட ஈரத் துணியில் அதிகம். நான்கு பேர், ஒரே துணி, எப்போதும் ஈரம்... மூன்றும் அந்த வீட்டில் பொருந்தியது!

நான்காவது இடத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கும். மதுரைக்காரன் தன் பங்குக்குத் தனியாக ஓர் உருளை வாங்கித் தன் அறை அலமாரியில் வைத்துக்கொண்டான். அடுத்த நாள் தஞ்சாவூர்க்காரனும். பிறகு யார் சிந்தினார்களோ அவர்களே தங்கள் காகிதத்தால் துடைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. யார் சிந்தியது என்று விசாரணை வந்தது. ரசம் வைத்தவன் ரசம் மட்டும் துடைத்தான், பக்கத்தில் கிடந்த காபிக் கறையை விட்டுவிட்டான். ஒரே பானையில் சோறு வடித்தவர்கள் ஐந்து நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஓர் உருளை அறைக்குள் போனதும் ஒரு வீடு நான்கு வீடானது.

இதை உடைத்தது தஞ்சாவூர்க்காரனின் அம்மா. ஞாயிற்றுக்கிழமை போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஏம்ப்பா, கைத்துணி எங்க கிடக்கு?" பையனிடம் பதில் இல்லை. கைத்துணி என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததே இல்லை. நான்கு பேரும் காகிதத்துக்குத்தான் இடம் தேடினார்களே தவிர, துணிக்குத் தேடவில்லை.

அன்று சாயங்காலமே பழைய வேட்டி ஒன்று ஆறு துண்டானது. சிங்குக்குப் பக்கத்துக் கதவில் இரண்டு கொக்கி ஒட்டினார்கள். ஒன்றில் கை துடைக்கும் துணி, இன்னொன்றில் மேடைத் துணி. இரவு பாத்திரம் கழுவும் முறை யாருக்கோ, அவன் இரண்டையும் சோப்புப் போட்டு வெந்நீரில் அலசி, பிழிந்து, குளியலறைக் கம்பியில் விரித்துப் போட வேண்டும். காலையில் வேறு இரண்டு.

உருளை? எதிர்ப்பக்கத்துக் குட்டி மேடைக்குப் போனது. சிங்கில் நிற்பவன் திரும்பி ஓர் எட்டு வைத்தால் கிடைக்கும். அடுப்பிலிருந்து வால் எட்டாத தூரம். குழாய்க் கசிவு தொடாத உயரம். யார் எடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும் இடம். சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார் என்பதால் நிற்கிற ஸ்டாண்டு ஒன்று வாங்கினார்கள். அடித்தட்டு கனமானது. லேசான ஸ்டாண்டு என்றால் ஷீட்டோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். அதைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும், அந்தக் கையில் கோழி ரத்தம் இருக்கும்.

இரண்டு பழக்கங்களும் சேர்ந்துகொண்டன. அப்பளம் பொரிக்கிற நாளில், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே இரண்டு ஷீட் கிழித்துத் தட்டில் விரித்துவிட வேண்டும். கோழி, மீன் நாளிலும் அப்படியே, கை வைக்கும் முன்பே நான்கு ஷீட் எடுத்து வைத்துவிட வேண்டும். ஷீட் அடுப்புக்கு வரலாம், உருளை வரக் கூடாது.

பலன் என்ன? இரண்டு நாள் வந்த உருளை பத்து நாளைக்கு மேல் வந்தது. காகிதத்துக்கு மிஞ்சிய வேலைகள் கொஞ்சம்தான்: எண்ணெய் வடிப்பது, பச்சை மாமிசம் பட்ட இடத்தைத் துடைப்பது, துணியில் பட்டால் போகவே போகாத கறை, சளி பிடித்தவன் கை துடைப்பது. அந்தக் கடைசி வேலைக்காகத்தானே 1907-இல் அது வந்தது!

கை துடைக்கும்போதுகூடக் குறைவாகச் செலவழிக்க வழி இருக்கிறது. ஜோ ஸ்மித் என்கிற அமெரிக்கர் 2012-இல் ஒரு மேடைப் பேச்சில் செய்து காட்டினார். கையைக் கழுவியதும் 12 தடவை நன்றாக உதற வேண்டும். பிறகு ஒரே ஒரு காகிதத்தை மடித்துத் துடைக்க வேண்டும். மடிப்புக்கு நடுவிலும் ஈரம் தங்கும் என்பதால் அந்த ஒன்றே போதும். இன்னொன்று: துடைத்த காகிதத்தைக் கழிப்பறையில் போடக் கூடாது. நனைந்தாலும் கிழியாமல் இருக்க இதில் ஒரு பிசின் சேர்க்கிறார்கள். கழிப்பறைக் காகிதம் போல இது தண்ணீரில் சீக்கிரம் கரையாது, குழாயை அடைத்துக்கொள்ளும்.

ஆக, கை எதை முதலில் எட்டுகிறதோ அதுதான் பழக்கமாகிறது. 'சிக்கனமாக இரு' என்று சுவரில் எழுதி ஒட்டினாலும், ஈரக் கையோடு நிற்பவன் அதைப் படிப்பதில்லை. பக்கத்தில் இருப்பதை எடுக்கிறான். அதனால் தினமும் பயன்பட வேண்டிய துணி கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எப்போதாவது வேண்டிய காகிதம் ஓர் எட்டு தள்ளி இருக்க வேண்டும். பூட்டி வைக்கவும் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

புதிதாக ஒரு வீட்டுக்குக் குடி போகிறவர்கள் முதல் நாளே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கையை நனைத்துக்கொண்டு சிங்கின் முன்னால் நில்லுங்கள். எதையும் யோசிக்காமல் கையை நீட்டுங்கள். கை போகிற இடத்தில் ஒரு கொக்கி ஒட்டித் துணியை மாட்டுங்கள். பிறகு திரும்பி, அடுப்புக்கு எதிர்த்திசையில் ஓர் எட்டு வையுங்கள். உருளையை அங்கே வையுங்கள்.